ஏழு முட்டையும் ஒரு பீப் சத்தமும்

கரண்ட் பார்க்கும் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். ஈப்போவில் மழைக்கு ஒதுங்கிய ஒரு சாமான் கடையில், கண்ணாடி அலமாரிக்குள் மஞ்சள் நிறத்தில் அது உட்கார்ந்திருந்தது. சிவப்பு ஒயர் ஒன்று, கறுப்பு ஒயர் ஒன்று, இரண்டின் நுனியிலும் ஊசி. பார்த்ததும் கை பரபரத்தது. எடுத்துத் தரச் சொல்லி, இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டேன். பீப்! அடடா, அந்தச் சத்தம்! கடைக்காரர் முன்னாலேயே பல்லெல்லாம் தெரியச் சிரித்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நான் ஈப்போ பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். விடியும் முன்பே கம்பெனி பஸ் எங்கள் ஊர் பீடோருக்கு வந்துவிடும். அரைத் தூக்கத்தில் ஏறினால், போய் உட்கார்ந்ததும் சர்க்கிட் பலகைகள் வரிசையாக வரும். ஊசியை வைக்க வேண்டும். பீப் அடித்தால் கம்பி அறாமல் இருக்கிறது, வலது பக்கக் கூடை. அடிக்காவிட்டால் இடது பக்கம். அந்தச் சத்தம் கேட்டே என் இளமை போயிற்று. அப்புறம் தொழிற்சாலையை மூடினார்கள், நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். சத்தம் மட்டும் காதுக்குள் எங்கேயோ மிச்சம் இருந்திருக்கிறது.

"இது எதுக்கு இப்ப? வீட்டுல என்னா பேக்டரியா நடத்தப் போற?" என்றார் அவர். பேட்டரி போடுகிறேன் என்று முதுகுப்பக்கத்து மூடியைக் கழற்றியவர், உள்ளே பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பேட்டரிக்குப் பக்கத்தில் இரண்டு பித்தளைப் பிடிக்குள் அரிசி முறுக்குத் துண்டு அளவில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய்.

"இங்க பாரு லா! ஃபியூஸ் பாக்குற மெஷினுக்கே ஒரு ஃபியூஸா? அப்ப இத பாக்குறதுக்கு இன்னொரு மெஷின் வாங்கணுமா?"

அந்த நகைச்சுவையை அவர் எங்கள் வரிசை வீடுகள் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். முன்னாள் ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் வரிசை எங்களுடையது. இங்கே ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கேட்கும். ஒரு வாரத்துக்கு யாரைப் பார்த்தாலும், "என்னாம்மா, மீட்டருக்கு மீட்டர் வாங்கியாச்சா?" என்றுதான் கேட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மீட்டரை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன்.

இப்போது கோழிக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்கும் லாரி ஓட்டியவர். மீட்டர் கூத்து முடிந்து கொஞ்ச நாளில், தாப்பாவுக்கு மேலே ஒரு வளைவில் லாரி கவிழ்ந்து வலது கால் நொறுங்கியது. இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. வாசலில் சாய்வு நாற்காலி போட்டு, காலை ஒரு ஸ்டூலில் நீட்டி, நாள் முழுக்கச் சாலையையே பார்த்துக்கொண்டிருப்பார். பேசமாட்டார். நான் பேசினாலும் பதில் வராது. அப்போதுதான் எங்கிருந்தோ வந்த ஒரு கறுப்புப் பெட்டைக்கோழி, கழுத்தில் மட்டும் செம்பு நிறம், ஒரு நாள் அந்தக் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. உட்கார்ந்தது மட்டுமா, கண்ணை மூடித் தூங்கியது! அடுத்த நாளும் வந்தது. அப்புறம் தினமும்.

நான் அடுப்படியிலிருந்து எதையாவது கேட்டுக் கத்துவேன். அவர் கையை உயர்த்தி, "சத்தம் போடாத, தூங்குது" என்பார். "ஓகோ, இந்த வீட்டுல நான் வாயத் தொறக்குறதுக்கு இனிமே கோழிகிட்ட கேட்டுக்கணுமா?" என்று இன்னும் சத்தமாகக் கத்துவேன். ஆனால் மனசுக்குள் அந்தக் கோழிக்கு ஒரு கும்பிடு போட்டேன். விபத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அதுதான்.

கட்டுப் பிரித்து, கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகும் கோழி அவரை விடவில்லை. பின்வாசலில் அதற்கு ஒரு கூண்டும் கட்டினார். அப்புறம் ஒரு நாள் காலையில் கூண்டுக் கதவு கிழிந்து கிடந்தது. செம்பனைக்குள்ளிருந்து மூசாங் வந்து தூக்கிப்போய்விட்டது. மரநாய்தான், எங்கள் ஊரில் மூசாங் என்றுதான் சொல்வோம். கூண்டில் கறுப்பு இறகுகளும், வைக்கோலுக்குள் அது அடைக்கு உட்காராமலே விட்டுப்போன ஏழு முட்டைகளும்தான் மிச்சம். லாரி கவிழ்ந்தபோது அழாத மனுசன் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். "கோழிக்குப் போயி அழுவாங்களா?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கைப்பேசியை எடுத்து, மின்சாரத்தில் முட்டை பொரிக்கும் பெட்டி ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன்.

மீன் கடையில் ஐஸ் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி வெள்ளை நுரைப் பெட்டி. மூடியில் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல், பக்கவாட்டில் எண்கள் ஒளிரும் பலகை. முட்டைகளை அவரே ஒவ்வொன்றாக வைத்தார். அன்றிலிருந்து சாய்வு நாற்காலி கூடத்துக்கு வந்து, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது. சோறும் அங்கேதான், தூக்கமும் அங்கேதான். மூன்று வாரம்! மறுபடியும் பேச்சு நின்றுபோயிருந்தது. முட்டை பொரித்தால் இவர் பழைய மனுசனாகத் திரும்பி வருவார், பொரிக்காவிட்டால் வரமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. பயமாக இருந்தது.

சீனப் பெருநாளின், அதாவது சீனர்களின் புத்தாண்டின், இரண்டாம் நாள் காலை. ஊரெல்லாம் வெடிச் சத்தம். "இந்தா, இங்க வா! சீக்கிரம் வா!" என்று அவர் கூப்பிட்ட குரலில் நான் கையிலிருந்த தோசைக் கரண்டியோடு ஓடினேன். ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி கீறல்! காதைப் பெட்டியில் வைத்தால் உள்ளே கீச், கீச். இன்னொரு முட்டை ஆடியது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தோம். அவர் கம்பை விட்டுவிட்டுக் குதித்தார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. டக் என்று ஒரு சத்தம். எண் பலகை அணைந்தது. பெட்டிக்குள் ஓடிய விசிறி நின்றது.

"அலாமா! என்னாச்சு? கரண்டு போச்சா?" என்று அவர் பதறினார்.

கரண்ட் போகவில்லை. தலைக்கு மேல் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டிதான் செத்துவிட்டது. அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "குளிர்ந்துச்சுனா முடிஞ்சு லா. தோட்டோட ஒட்டிக்கிட்டுச் செத்துரும்" என்றார். மூடியைத் திறக்கக் கூடாது, திறந்தால் ஈரம் போய்விடும். இருக்கிற போர்வை, துண்டு எல்லாவற்றையும் பெட்டியைச் சுற்றிக் கட்டினேன். தண்ணீர் கொதிக்கவைத்துப் போத்தல்களில் ஊற்றி அண்டை கொடுத்தேன். அதெல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நாற்காலி போட்டு ஏறி, அலமாரிக்கு மேலிருந்து மஞ்சள் மீட்டரை இறக்கினேன்.

முதலில் ஊசியோடு ஊசியைத் தொட்டேன். பீப். மீட்டர் உயிரோடு இருக்கிறது. அப்போது ஓர் அதிசயம் நடந்தது. பெட்டிக்குள்ளிருந்து, கீச்! மறுபடி தொட்டேன். பீப். கீச், கீச்! முட்டைக்குள்ளிருந்து பதில் சொல்கின்றன! "கேக்குதா? கேக்குதா உங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார்.

பிளக்கைத் திறந்து அதிலிருந்த ஃபியூஸை எடுத்துச் சோதித்தேன். பீப். அது நல்லது. அப்படியானால் கோளாறு பெட்டிக்குள்ளே. பலகையின் திருகாணிகளைக் கழற்றியதும் விஷயம் தெரிந்துவிட்டது. சூட்டுக்கு ஆசைப்பட்டு உள்ளே புகுந்த ஒரு பல்லி, இரண்டு ஒயர்களுக்கும் குறுக்கே காலை நீட்டிக் கருகிக் கிடந்தது. பக்கத்தில் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ், உள்ளே மைக்கறுப்பு. "பல்லி விழுந்த பலன் பாத்துருக்கேன். பல்லி வெந்த பலன் யாரு சொல்றது?" என்று திட்டிக்கொண்டே அதைத் தட்டிவிட்டு, பழைய பல் துலக்கியால் அந்த இடத்தைச் சுத்தமாகத் தேய்த்தேன். அந்த இரண்டு ஒயரிலும் ஊசியை வைத்துப் பார்த்தேன். இங்கே பீப் அடிக்கக் கூடாது. அடித்தால் இன்னும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடிக்கவில்லை. ஆக, வேண்டியது ஒரே ஒரு சின்னக் கண்ணாடி ஃபியூஸ்!

ஆனால் சீனப் பெருநாள், கடைக்காரர்களோ சீனர்கள். பீடோரிலும் கடை இல்லை, தாப்பாவிலும் கடை இல்லை. எல்லாக் கதவுகளிலும் சிவப்புத் தாள் ஒட்டி மூடிக் கிடக்கும்.

"டின்னு இருக்குல்ல!" என்றார் அவர். இருந்தது. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் உண்டு. ஆணி, திருகாணி, பழைய சாவி, அப்புறம் ஃபியூஸ். தரையில் கவிழ்த்துக் கொட்டினேன். பிளக்குக்கு மட்டுமே ஆகும் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் ஒரு குவியல், அதற்கு நடுவே நாலைந்து கண்ணாடிக் குழாய்கள். அழுக்கேறிப்போய், உள்ளே கம்பி இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஊசியை வைத்தேன். சத்தமில்லை. அடுத்தது. சத்தமில்லை. எல்லாமே பிணம்.

நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வந்த வேகத்தில் திரும்பி ஓடி, தன் வீட்டு டின்னைக் கொண்டுவந்தார். அவர் போட்ட கூச்சலில் வரிசையே கிளம்பிவிட்டது. ஆளுக்கொரு டின்! கூடத்தில் இடமில்லாமல் வாசல் வரைக்கும் டின்கள். ஒருவர் கொட்ட, ஒருவர் கண்ணாடிக் குழாய்களைப் பொறுக்கித் தர, நான் சோதிக்க, சுற்றி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் அடிக்கவில்லை. ஒன்றுகூட! அப்போதுதான் எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி உறைத்தது. எங்கள் ஆட்கள் யாருமே எரிந்த ஃபியூஸைத் தூக்கிப் போடுவதில்லை. புதியதை மாட்டிவிட்டு, எரிந்ததைப் பத்திரமாக டின்னுக்குள் போட்டு மூடுவார்கள். எத்தனையோ வருடமாகச் செத்ததையெல்லாம் சேர்த்துவைத்திருக்கிறோம்.

"ஏன்க்கா, இதெல்லாம் எதுக்குக்கா எடுத்து வச்சிருக்கீங்க?"

"இருக்கட்டும்னுதான் தங்கச்சி. ஒரு நேரத்துக்கு ஒதவும்ல."

"செத்தது எந்த நேரத்துக்குக்கா ஒதவும்?" என்று நான் போட்ட சத்தத்தில் அக்கா இரண்டு அடி பின்னால் போனார். என் டின்னிலும் அதே கதைதான் என்பதை யாரும் எடுத்துச் சொல்லத் துணியவில்லை.

இதற்குள் பெட்டியைத் தொட்டால் சூடு குறைந்திருந்தது. ஊசிகளைத் தொட்டு ஒரு பீப் கொடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு கீச். அதுவும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல. அவர் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். தன் உடம்புச் சூட்டைக் கொடுக்கிறாராம்.

"இரு, இரு, வாரேன்!" என்று முனைவீட்டு அண்ணன் ஓடினார். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர். தன் பெரிய ஆம்ப்ளிஃபையரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கி, பின்பக்கத்து மூடியைத் திருகி ஃபியூஸை எடுத்து நீட்டினார். ஊசியை வைத்தேன். பீப்! வாசலில் கைத்தட்டல்! பிறகு அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடியைச் சுற்றி, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்.

"என்னாண்ணே இது?"

"அது எரிஞ்சு ரொம்ப நாளாச்சு தங்கச்சி. தாள் சுத்துனா நல்லா பாடுது லா."

"போடு" என்றார் என் வீட்டுக்காரர். "போடு. நான் பாத்துக்குறேன்."

"என்னாத்தப் பாத்துக்குவீங்க? தப்பு நடந்தா தான் எரிஞ்சு மத்தத காப்பாத்துறதுக்குத்தான் ஃபியூஸ்! தாளு எரியாது, பெட்டி எரியும். பெட்டி நுரை, வீடு பலகை. அடுத்த பல்லி வந்து விழுந்தா கோழிக்குஞ்சு மட்டுமா வேகும்? வரிசையே வேகும்!"

"போடுன்றேன்ல!"

"மாட்டேன்னா மாட்டேன்!"

அவ்வளவு பேர் முன்னால் நாங்கள் இப்படிக் கத்திக்கொண்டதில்லை. வெளியே ஒரு பட்டாசுச் சரம் வெடித்து ஓய்ந்தது. அவர் மெல்லப் பெட்டியை விட்டுவிட்டு, கம்பைத் தேடி எடுத்து எழுந்தார். "உடு லா" என்றார், யாரையும் பார்க்காமல். "தாயத்தான் காப்பாத்தல. புள்ளைங்களையும் காப்பாத்த முடியல." பின்வாசல் பக்கம், காலி கூண்டு இருக்கும் இடத்துக்கு நடந்தார். அந்தக் கம்பு சிமெண்டுத் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டுக்கொண்டே போனது.

கையில் மீட்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை ஓங்கித் தரையில் அடிக்கலாமா என்றுகூட வந்தது. பின்னால் அக்கா ஆறுதல் சொல்கிறேன் என்று, "போவட்டும் தங்கச்சி, நீயும் எவ்ளோதான் பாப்ப. இந்த மெஷினும் பாவம், எவ்ளோதான் பாக்கும்" என்றார்.

ஃபியூஸ் பாக்குற மெஷினுக்கே ஒரு ஃபியூஸா!

"ஐயோ!" என்று நான் அலறியதில் அக்கா பயந்து முனைவீட்டு அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். ஸ்க்ரூ டிரைவர் எங்கே? காலடியில்தான் கிடந்தது. மீட்டரைக் குப்புறப் போட்டு மூடியைக் கழற்றினேன். அங்கேயே இருந்தது! வாங்கிய அன்றைக்கு இருந்த அதே இடத்தில், பித்தளைப் பிடிக்குள், பளபளவென்று, ஒரு தூசி படாமல்! நோண்டி எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தேன். அரை ஆம்பியர். பெட்டியின் பின்னால் எழுதியிருப்பது எண்பது வாட். அதற்கு அரை ஆம்பியர் தாராளம்!

அந்த ஃபியூஸ் மீட்டரில் கரண்ட் அளப்பதற்கு மட்டும்தான், பீப் அடிக்க அது தேவையில்லை. முதுகு திறந்தபடியே மீட்டரைத் திருப்பி வைத்து, அதன் வயிற்றிலிருந்து எடுத்ததை அதன் ஊசிகளுக்கு நடுவிலேயே வைத்தேன்.

பீப்!

எல்லோரும் பெட்டியைப் பார்த்தோம். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அழுத்தினேன். பீப். காத்திருந்தோம். அப்புறம், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெலிதாக, கீ.

"இருக்கு! இருக்கு! உசுரு இருக்கு!"

ஃபியூஸை மாட்டி, பலகையை மூடி, பிளக்கைச் செருகி, சாமியை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே சுவிட்சைப் போட்டேன். எண்கள் எரிந்தன. விசிறி சுற்றியது. அக்கா வாயில் கையை வைத்துக் குலவை விட்டார் பாருங்கள், செம்பனைக்குள் காக்கையெல்லாம் எழுந்து பறந்தது! முனைவீட்டு அண்ணன் அந்தச் சந்தோசத்தில், "மச்சான்! மச்சான்! ஓடியா மச்சான்!" என்று பின்வாசலைப் பார்த்துக் கத்தினார். அவரும் வந்தார். எரிகிற எண்களைப் பார்த்தார், தரையில் முதுகு திறந்து கிடந்த மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து, மீட்டரின் மூடியை எடுத்து, மேல்துண்டால் துடைத்து, அவரே மாட்டித் திருகினார்.

சாயங்காலத்துக்குள் ஐந்து குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. இரண்டு வரவில்லை. ஒவ்வொன்றாக முட்டையை உடைத்துக்கொண்டு விழுந்து, ஈரத்தோடு எழ முயன்று, மறுபடி விழுந்து, அப்பப்பா! வரிசையில் இருந்தவர்கள் முறை வைத்து அந்தச் சன்னல் வழியாகப் பார்த்தார்கள். முறை தவறியதற்கு ஒரு சண்டைகூட நடந்தது. நான் அங்கேயே நின்று எல்லா டின்களையும் குப்பையில் கொட்டச் சொல்லிக் கட்டளை போட்டேன். சரி, சரி என்றார்கள். அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போனால் டின் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது.

கடை திறந்ததும் அவர் கைநிறையக் கண்ணாடி ஃபியூஸ் வாங்கி வந்தார். அதற்குள் குஞ்சுகளை அட்டைப்பெட்டிக்கு மாற்றிவிட்டோம். மீட்டரின் ஃபியூஸை மீட்டருக்கே திருப்பி மாட்டலாம் என்று கையை வைத்தேன். "அத எடுக்காத" என்றார். "அது அங்கயே இருக்கட்டும்." அங்கேயேதான் இருக்கிறது.

பத்து நாள் போயிருக்கும். மத்தியானம் சோறு வடித்துவிட்டு, ரசத்துக்குப் புளி எங்கே வைத்தீர்கள் என்று அடுப்படியிலிருந்து வழக்கமான குரலில் கத்திக்கொண்டே வாசலுக்கு வந்தேன். அவர் சாய்வு நாற்காலியில், தழும்போடிய காலை ஸ்டூலில் நீட்டிச் சாய்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே, அதே இடத்தில், ஒரு கறுப்புக் குஞ்சு. கழுத்தில் இன்னும் செம்பு நிறம் ஏறவில்லை. கண்ணை மூடியிருந்தது.

அவர் கையை உயர்த்தினார்.

"சத்தம் போடாத" என்றார். "தூங்குது."

புளியை நானே தேடிக்கொள்ளலாம் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனேன்.